சாலமாண்டர்களும் தீர்மானப் புத்தகமும்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதே ஒரு உத்தியோகமாகிப்போனது, அதனால்தான் தாமதம். இப்போது இடது கண் பளிச்சென்று தெரிகிறது. கூடத்துச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொன்னால், "வலது கண்ணை இப்போதைக்குப் பண்ணாதே, பெயிண்ட் செலவு தாங்காது" என்கிறார்.

மூட்டு வலியோடு மாடிப்படி ஏறித் துணி காயப்போடுகிறாயாமே, உன் மருமகள் போனில் புலம்பினாள். கொடியைக் கீழே கட்டச் சொல்லடி. எங்கள் வீட்டில் வேறு விசேஷம் இல்லை. தம்பி மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஜாதகம் வருவதும் போவதுமாக இருக்கிறது.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் அறிவியல் படிக்கச் சேர்ந்த பெண் பேப்பரைத் தொடுவதில்லை, ராக்கெட் கதையாகவே படித்துத் தள்ளுகிறாள், "நீயும் அந்தக் கட்சிதானே, நீயே அவளுக்குப் புத்தி சொல்" என்று எழுதியிருக்கிறாய். வாழ்நாளெல்லாம் வரலாறு சொல்லிக்கொடுத்தவளுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் நான் அவள் பக்கம். பேப்பரும் படிக்கட்டும், அது வேறு. அரசியல் எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்க வைத்த புத்தகம் ஒரு விஞ்ஞானக் கதை. அதைப் பற்றி உன்னிடம் இதுவரை வாய் திறக்காதது எனக்கே ஆச்சரியம்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக். ரோபோ என்ற சொல் உலகத்துக்குக் கிடைத்தது அவருடைய நாடகத்திலிருந்து, அது 1920-ல் எழுதியது. நான் சொல்வது 1936-ல் வந்த 'சாலமாண்டர்களுடன் போர்' என்ற நாவல். சுமத்ராவுக்கு மேற்கே ஒரு குட்டித் தீவு. வான் டோக் என்ற கப்பல் கேப்டன் முத்துத் தேடி அங்கே போகிறார். ஒரு விரிகுடாவில் பேய் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். அவர் அங்கே முங்கவிடுவது இலங்கையிலிருந்து வந்த சிங்கள முத்துக்குளிப்பவர்களை. (தூத்துக்குடிக்காரி நான், முத்துக்குளி என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.) அடியில் இருப்பது பேய் இல்லை. குழந்தைக் கை மாதிரி கையோடு, பின்னங்காலில் எழுந்து நிற்கிற, பல்லி மாதிரி ஒரு நீர்ப்பிராணி, அதுதான் சாலமாண்டர். புத்திசாலி, சாது, சொன்னதைக் கற்றுக்கொள்ளும். சுறாக்கள் அவற்றைக் கொன்று தின்கின்றன. கேப்டனுக்கு மனசு பொறுக்கவில்லை. கத்தி கொடுக்கிறார். சிப்பியைத் திறக்கலாம், சுறாவிடமிருந்து தப்பிக்கலாம். பதிலுக்கு அவை முத்து கொண்டுவந்து கொடுக்கின்றன.

கதையில் முதல் ஆயுதம் இப்படி இரக்கத்தில் கைமாறுகிறது. நான் அங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கேப்டன் சாகிறார், முத்து விலை விழுகிறது, அவருக்குப் பணம் போட்ட முதலாளியின் கம்பெனி வேறு வழி யோசிக்கிறது. தண்ணீருக்குள் இருபத்துநாலு மணி நேரமும் கூலி கேட்காமல் வேலை செய்கிற பிராணியை வைத்து அணை கட்டலாம், துறைமுகம் தோண்டலாம், கடலைத் தூர்த்து நிலம் எடுக்கலாம். வளர்த்து, ரகம் பிரித்து விற்கிறார்கள். மேஸ்திரி ரகம், பாரம் சுமக்கிற ரகம், கூட்டமாக வேலை செய்கிற ரகம், எடுபிடி, கழிசல், முட்டை என்று சந்தையில் தனித்தனி விலை. கடலடி வேலைக்கு வெடிமருந்து வேண்டும், கொடுக்கிறார்கள். பக்கத்து நாடு தன் கரையைக் காக்கத் தன் சாலமாண்டருக்கு ஆயுதம் கொடுத்துவிட்டது, நாம் சும்மா இருக்கலாமா? எல்லா நாடும் கொடுக்கிறது. கடைசியில் கோடிக்கணக்கில் பெருகிப்போன அவற்றுக்கு வாழ ஆழமில்லாத கரை போதவில்லை. நிலத்தை வெடி வைத்துக் கடலாக்க ஆரம்பிக்கின்றன. அதற்கான வெடியும் இரும்பும் கடனும் கடைசி நாள்வரை மனிதர்களிடமிருந்தே போகிறது, வியாபாரமாக.

கதையைச் சுருக்கிச் சொன்னால் ஏதோ பூச்சாண்டிக் கதை மாதிரிதான் இருக்கும். சாப்பெக் அதை எப்படி எழுதியிருக்கிறார் என்பதுதான் விஷயம். அவர் பத்திரிகைக்காரர். நாவலின் நடுப்பகுதி முழுக்கச் செய்தி நறுக்குகள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், கம்பெனிப் பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு. கம்பெனி முத்திலிருந்து அடிமை வியாபாரத்துக்கு மாறுகிற இடம் ஒரு கூட்டத்தில் வருகிறது. தலைவர் அறிக்கை வாசிக்கிறார், ஒருவர் சந்தேகம் கேட்கிறார், தலைவர் பதில் சொல்கிறார், தீர்மானம் நிறைவேறுகிறது. யாரும் குரலை உயர்த்துவதுகூட இல்லை.

நான் நகராட்சியில் மன்றப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் என்பது உனக்குத் தெரியும். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை, உனக்கே தெரியும். அஜெண்டா தட்டச்சு செய்வது, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது, அதுதான் சோறு போட்டது. அங்கே ஒரு குளம் இருந்தது. முதலில் வந்த பொருள் இதுதான்: மேல்கரையில் காய்கறி வியாபாரிகள் வெயிலில் அவதிப்படுவதால் தற்காலிகக் கூரை அமைத்துக்கொள்ள அனுமதி கோரிய மனு, மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. யார் மறுப்பார்கள்? பாவம், பொம்பளைகள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருஷம் தற்காலிகம் என்பது புதுப்பித்தல் ஆனது. மழையில் சேறாகிறது, சிமெண்டு தளம். தளம் போட்டபின் குத்தகை ஏலம். ஏலத்தில் எடுத்தவன் சும்மா இருப்பானா, ஷட்டர் கேட்டான். கடை வந்தால் கழிவு எங்கே போகும்? குளத்துக்கு. குளம் நாறுகிறது, பொதுமக்கள் புகார், ஆகவே மீதிக் குளத்தையும் மூடி வண்டி நிறுத்துமிடமாக்கலாம் என்று ஒரு பொருள். சுகாதார நலன் கருதி! ஒவ்வொரு தீர்மானத்தையும் தனியாக எடுத்துப் படித்தால் இன்றைக்கும் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றாது. வரிசையாக வைத்துப் படித்தால்தான் வயிற்றைக் கலக்கும். ஆனால் வரிசையாக யார் படிக்கிறார்கள்? கூட்டத்தில் அன்றைய பொருள் மட்டும்தானே முன்னால் இருக்கும்.

நீ சொல்வாய், இதற்கு ஏன் பல்லி மாதிரி ஒரு பிராணி, வரலாற்றிலேயே இதெல்லாம் இல்லையா என்று. இருக்கிறது. ஆனால் வரலாற்றை நாம் யார் ஜெயித்தார், யார் துரோகி என்று தெரிந்துகொண்டே படிக்கிறோம். உள்ளூர் அரசியலிலோ கேட்கவே வேண்டாம், பெயரைச் சொன்னதுமே அவர் எந்தக் கட்சி, எந்த ஆள் என்று மனசு ஒரு பக்கம் போய் உட்கார்ந்துவிடும். சாலமாண்டர் விஷயத்தில் உனக்கும் எனக்கும் சாதியும் கிடையாது, கட்சியும் கிடையாது. அதனால் அந்தக் கூட்டத்துத் தலைவர் பேசும்போது, 'சரியாகத்தானே சொல்கிறார்' என்று நம் தலையும் சேர்ந்து ஆடுகிறது. சில பக்கம் கழித்துத்தான், எதற்குத் தலையாட்டினோம் என்று உறைக்கிறது. பாடப் புத்தகம் எனக்கு இதைச் செய்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நீ கட்டாயம் படிக்க வேண்டிய இடம் வாடுஸ் மாநாடு. லீக்டன்ஸ்டைன் தலைநகரம்தான், கடலே இல்லாத மலைநாடு. அங்கே உலக நாடுகள் சாலமாண்டர்களோடு பேச்சுவார்த்தைக்குக் கூடுகின்றன. சாலமாண்டர்கள் வரவில்லை, அவர்கள் சார்பில் மனித வக்கீல்கள் வந்திருக்கிறார்கள்! ஐரோப்பியக் கரைகளைத் தொடாமலிருக்க உத்தரவாதம் கிடைக்கும், பதிலுக்குச் சீனாவின் தாழ்நிலங்களைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுகிறது. சீனப் பிரதிநிதி எழுந்து பேசுகிறார். துரதிர்ஷ்டவசமாக அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை.

இது அச்சானது 1936-ல். 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நாலு பேரும் உட்கார்ந்து செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு எழுதிக்கொடுத்தார்கள். செக் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தை அறைக்கு வெளியே காத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின் வானொலியில், நமக்கு ஒன்றும் தெரியாத மக்கள் எங்கோ தூர தேசத்தில் போடுகிற சண்டை என்று பேசினார். சாப்பெக் சீனாவுக்கு எழுதிவைத்த காட்சியில் அவர் நாடே போய் நின்றது.

அவர் ஜோசியம் சொன்னார் என்று புல்லரித்துப்போய் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலமில்லாதவன் நிலத்தைக் கொடுத்து மற்றவர்கள் நிம்மதி வாங்குகிற மேஜை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அது எந்த ஊரில் போடப்பட்டாலும் அதே மேஜைதான். 2019-ல் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் விஞ்ஞானக் கதை எழுத்தாளர்களைக் கூட்டி 'ரெட் டீம்' என்று ஒரு குழு அமைப்பதாக அறிவித்தது, வருங்கால ஆபத்துகளைக் கற்பனை பண்ணிச் சொல்ல. எந்த ஆயுதம் வரும் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்த ஆயுதத்தை வாங்குகிற கோப்பில் முதல் கையெழுத்து என்ன காரணம் காட்டிப் போடப்படும் என்று கேட்டிருந்தால் எழுத்தாளனுக்கு வேலை இருக்கும்.

மியூனிக்குக்குப் பிறகு சாப்பெக்கை அவர் நாட்டுப் பத்திரிகைகளிலேயே பிடித்து உலுக்கினார்கள், மொட்டைக் கடிதங்கள் வந்தன. அந்த வருஷமே டிசம்பர் 25-ல் நிமோனியாவில் போய்விட்டார், 48 வயது. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரைத் தேடி வீட்டுக்கு வந்தபோது ஆள் செத்து மாதங்கள் ஆகியிருந்தன. அண்ணன் யோசெப் ஓவியர், ரோபோ என்ற சொல் அவர் யோசனைதான். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945-ல் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் முடிந்துபோனார்.

நாவலில் எனக்குப் பிடித்த ஆள் பொவோந்த்ரா. முதலாளி வீட்டு வாசல் காப்பவர். கேப்டன் வந்து முதலாளியைப் பார்க்கணும் என்று நின்றபோது, கொஞ்சம் யோசித்து உள்ளே விட்டது அவர்தான். அதில் அவருக்கு ஒரே பெருமை. அன்றிலிருந்து சாலமாண்டர் செய்திகளையெல்லாம் வெட்டிச் சேர்க்கிறார். அலமாரி நிரம்பும்போதெல்லாம் அவர் மனைவி அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் எடுத்து அடுப்பில் போட்டுவிடுகிறாள், அதனால் இந்த வரலாற்றில் சில பகுதிகள் விட்டுப்போய்விட்டன என்று ஆசிரியர் கூசாமல் எழுதுகிறார். வரலாற்று டீச்சரம்மா, சிரிப்பு வருகிறதா? கடைசியில் பிராக் நகர ஆற்றில் ஒரு சாலமாண்டர் தலையைப் பார்த்துவிட்டு, எல்லாம் என்னால் வந்தது என்று கிழவர் படுத்துவிடுகிறார். மந்திரி, முதலாளி, தளபதி ஒருவருக்கும் வராத உறுத்தல் வாசல்காரருக்கு வருகிறது.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. அடிக்குறிப்புகள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடும், என் பழைய கண்ணால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெண்கள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. அந்தக் குறைக்கு வேண்டுமானால் பேத்தியிடம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவை' முதலில் கொடு, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். வங்காளத்துக்காரி எழுதியது, ஆனால் 1905-ல் வெளியிட்டது நம் மதராஸில் நடந்த ஒரு பெண்கள் பத்திரிகை. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில், பெண்கள் ஆட்சியில், எதிரிப் படையைச் சூரிய வெப்பத்தைக் குவித்தே விரட்டுகிறார்கள். ரொக்கேயாவின் கணவர் நின்றபடியே படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்" என்றாராம்.

சாப்பெக் புத்தகத்தை நாளை கூரியரில் போடுகிறேன். இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான், அட்டை கிழிந்திருக்கும், டேப் ஒட்டியிருக்கிறேன். முதல் பகுதியில் சினிமாக்கார இளசுகள் வருகிற அத்தியாயம் கொஞ்சம் வளவளவென்று இருக்கும், அங்கே அவள் அலுத்துக்கொண்டால் தாண்டிப்போகச் சொல். பேத்தி படித்ததும் நீயும் படி, சீனப் பிரதிநிதி இடத்தை மட்டுமாவது. படித்துவிட்டுத் திருப்பி அனுப்படி, நீ ஏற்கெனவே வாங்கிப்போன இரண்டு புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணனுக்கு வணக்கம் சொல். முழங்காலுக்கு அந்தத் தைலம் வேலை செய்கிறதா என்று எழுது, அத்தைக்கும் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
விஜி