கேட்டில் வைத்த சானிடைசர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இவருக்கு முட்டிவலி குறைந்து, காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

உன் காப்பகத்துச் சேதிதான் மனதை விட்டுப் போகவில்லை. ஒரே வாரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. கேட்டிலேயே சானிடைசர் போட்டும் நிற்கவில்லை என்கிறாய். நிற்காதுடி. கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் மேலே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் பட்டால் உறை கரைந்து வைரஸ் செயலிழந்துவிடும். பிள்ளைகளிடம் இப்படி மளமளவென்று பரவுகிற நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. கெட்டியான புரதக் கூடு மட்டும்தான். சானிடைசருக்கு லேசில் மசியாது. 2022 ஜூனில் கேரளாவில், விழிஞ்ஞத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்ததே, அதே வைரஸ். உன் பிள்ளைகளுக்கு வந்ததும் அதுதானா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் இப்போதைக்கு அதுதான் என்று வைத்துக்கொண்டே வேலையைப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. பருப்புசாதம் பிசுபிசுக்கிற கை, நகத்துக்குள் மண். அதன்மேல் சானிடைசர் ஊற்றினால் அழுக்கு நனையும், அவ்வளவுதான். சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் வைரஸும் அழுக்கோடு சாக்கடைக்குப் போய்விடும். கக்கூஸ் போய் வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் ஆயாவை நிற்கவைத்துக் கழுவச் சொல்.

தரைக்கு பினாயிலை நம்பாதே. வாசனைதான் வரும். ஆஸ்பத்திரி வார்டில் நாம் கலக்கிய பிளீச்சிங் பவுடர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், நல்ல பவுடராக இருந்தால் அரை சதவீத குளோரின் கிடைக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, முதலில் வாந்தியைத் தாளால் ஒற்றி எடுத்துக் கவரில் கட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைக்கவேண்டும். அழுக்கு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். அப்புறம்தான் பிளீச்சிங் கரைசல். ஊற்றிப் பத்து நிமிடம் விடு. நம் வார்டிலேயே ஊற்றிய கையோடு துடைத்துவிடுவார்கள். எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்! கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, பொம்மைகளையும் விட்டுவிடாதே. பொம்மைகளைக் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக் கொடு. வாயில் வைக்கும் பிள்ளைகள்.

அன்றன்றைக்குக் கலந்துகொள். வாய் திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதே, குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்.

வாந்தி பேதி நின்று இரண்டு நாள் ஆகும்வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்காதே. தாய்மார்கள் வேலைக்குப் போகவேண்டுமே என்று கெஞ்சுவார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் சேர்க்காதே. வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறார்களா என்று போன் செய்து கேள். சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்.

உன் வாஷ்பேசின் பிள்ளைகளுக்கு எட்டுமா? எட்டாவிட்டால் சொல், எங்கள் திண்ணையில் ஒரு மரப்பலகை சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சரோஜா