நான் தவறி விழவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சொல்லச் சொல்ல, என் மகள் இக்கடிதத்தை எழுதுகிறாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் எனக்குப் பேனா பிடிக்க இயலவில்லை. முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியையாகக் கரும்பலகையில் எழுதிய கை அது. அதை முறித்துவிட்டு, இறங்கிக்கூடப் பாராமல் சென்றுவிட்ட ஒரு பேருந்து ஓட்டுநரைப் பற்றியே இந்தக் கடிதம்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணியளவில், சின்னக்கடை வீதியில் சில பொருள்கள் வாங்கிக்கொண்டு, கே.கே. நகர் செல்வதற்காகத் திருச்சி மெயின்கார்டு கேட் நிறுத்தத்தில் காத்திருந்தேன். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால் நான் பெரும்பாலும் அவற்றில்தான் செல்வது வழக்கம். அன்று அடுத்தடுத்து வந்த இரண்டிலும் படிவரை கூட்டம். பிறகு வந்த தனியார் நகரப் பேருந்தில் உட்கார இடம் இருப்பது தெரிந்ததால், ஏழெட்டுப் பேர் அதன் முன்வாசலை நோக்கி நகர்ந்தோம். பேருந்து நிழற்குடையை ஒட்டி வரவில்லை; பத்தடி தள்ளிச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, நின்றும் நில்லாமலும் உருண்டுகொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் அதனோடு கூடவே நடந்து ஏற வேண்டும் என்பது இவ்வூரில் எழுதப்படாத விதியாகிவிட்டது.

எனக்கு முன்னால் இருவர் ஏறினர். அந்நேரத்தில் வண்டி முற்றிலும் நின்றிருந்தது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனெனில் ஓடும் பேருந்தில் ஏறும் துணிச்சல் எனக்கு இருபது வயதிலும் இருந்ததில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை முதற்படியில் வைத்து, இடது கால் தரையை விட்டு எழும்பிய நொடியில் பேருந்து விசையுடன் முன்னால் பாய்ந்தது. பிடி நழுவிச் சாலையில் விழுந்தேன். ஊன்றிய வலது கையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பிலும் முழங்காலிலும் அடி. பின்சக்கரம் என் தலைக்கு எவ்வளவு அருகில் சென்றது என்பதை, அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் பூவை அளப்பதுபோலக் கையை நீட்டிக் காட்டினார். ஒரு முழம்கூட இல்லை.

சனங்கள் கூச்சலிட்ட பிறகே, சற்றுத் தொலைவு சென்று பேருந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, "பாத்து ஏறக் கூடாதாம்மா? வயசான காலத்துல என்ன அவசரம்?" என்றார். நடத்துநர் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தூக்கும்போதும் அவர் கண் கைக்கடிகாரத்தின் மேலேயே இருந்தது. இரண்டு நிமிடத்தில் பேருந்து போய்விட்டது. 108 ஆம்புலன்சை அழைத்தவர் ஒரு கல்லூரி மாணவர். விபத்தில் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஆவன செய்வதும் காவல் துறைக்குத் தகவல் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 134, கூறுகிறது. அந்தக் கடமையை எங்கள் ஊரில் அன்று பூக்காரப் பெண்ணும் கல்லூரிப் பையனும் செய்தார்கள்.

என்னை இக்கடிதம் எழுத வைத்தது விபத்தைக் காட்டிலும் அதற்குப் பின் நடந்தவையே. என் மகள் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு மனு ரசீதாக ஒரு சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். முதல் தகவல் அறிக்கை இன்றுவரை பதிவாகவில்லை. அந்த ரசீதில், "பேருந்தில் ஏறும்போது கால் தவறிக் கீழே விழுந்தார்" என்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை நடத்தும்போது "உருண்டான், உருட்டினான்" என்று எடுத்துக்காட்டுச் சொல்லுவோம். ஒருவன் தானே உருண்டால் ஒரு சொல், இன்னொருவன் அவனை உருட்டினால் வேறொரு சொல். கால் தவறி விழுந்தார் என்று எழுதிவிட்டால் அந்த வாக்கியத்தில் ஓட்டுநர் இல்லை, பேருந்தும் ஓடவில்லை. இருப்பது நானும் என் காலும் மட்டுமே. என் கால் தவறவில்லை. படியில் உறுதியாகத்தான் இருந்தது. படிதான் என் காலுக்கடியிலிருந்து போயிற்று.

இரண்டு விசில் கேட்டதும் ஓட்டுநர் வண்டியை எடுத்தார், இதில் அவர் தவறு என்ன என்று பேருந்து அலுவலகத்தில் என் மகளிடம் கேட்டிருக்கிறார்கள். விசில் கொடுத்த நடத்துநர் பின்படியில் நின்றவர். அங்கே ஏறுகிறவர்கள் ஏறி முடித்ததும் கொடுத்துவிட்டார். அங்கிருந்து முன்படி அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆனால் ஓட்டுநருக்குத் தெரியும். தலையை இடப்பக்கம் திருப்பினால் போதும், அதுவும் வேண்டாமென்றால் இடப்பக்கக் கண்ணாடி இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வலப்பக்கக் கண்ணாடியை. அதே தடத்தில் பின்னால் வந்த வேறொரு தனியார் பேருந்து முந்திச் செல்ல முயன்றுகொண்டிருந்தது என்று முன்னிருக்கையில் இருந்த பயணி ஒருவர் மருத்துவமனைக்கே வந்து சொன்னார்.

இந்தப் போட்டி திருச்சிக்காரர்கள் எல்லோரும் அறிந்ததுதான். முன்னால் போகிற வண்டிக்கே அடுத்த நிறுத்தத்தின் ஆள்கள் கிடைப்பார்கள், அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்தே ஓட்டுநர், நடத்துநரின் தினப்படியும் அமைகிறது என்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் புறப்படும் நேரத்தை வட்டாரப் போக்குவரத்து நிர்வாகம் வகுத்துக் கொடுத்திருக்க, வழியில் ஆள் பிடிப்பதற்காக ஒரு நிறுத்தத்தில் ஊர்ந்து அடுத்த நிறுத்தத்துக்குப் பறக்கிறார்கள். ஓட்டுநர்களின் பிழைப்பு கடினமானது என்பதை மறுக்கவில்லை; என் மாணவியரின் தந்தையரில் ஓட்டுநர்கள் பலர் உண்டு, நள்ளிரவில் வீடு வந்து விடியுமுன் வண்டி எடுப்பவர்கள். அந்தக் கடினத்துக்குப் பொறுப்பான முதலாளியிடம் கேட்க வேண்டியதை, படியில் ஒரு கால் வைத்திருக்கும் கிழவியிடம் வசூலிப்பது நியாயமாகாது.

அந்த அலுவலகத்தின் மேலாளர் இன்னொரு வாதமும் வைத்தார். நான் டிக்கெட் வாங்கியிருக்கவில்லையாம், ஆகவே அவர்களுடைய பயணியே அல்லவாம். டிக்கெட் வாங்க முதலில் உள்ளே போக வேண்டுமே என்று என் மகள் கேட்டதற்குப் பதில் இல்லை. சாலையில் செல்லும் மூன்றாம் நபருக்கும் பேருந்தில் செல்லும் பயணிக்கும் சேர்த்தே மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக இருந்தவள் இந்த இருவரில் எவருமில்லை என்பது வழக்கறிஞர்களே வியக்கும் வாதம். இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாங்கள் அணுகவிருக்கிறோம். அச்சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதக் கெடு வைத்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குச் செலவில்லாமல் போனது பெரிய ஆறுதல்.

நான் கேட்பது பணத்தை மட்டுமன்று. எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு பொதுச்சாலையில் அசட்டையாக வண்டி ஓட்டுவதையும், 125-ஆம் பிரிவு அத்தகைய அசட்டையால் பிறருக்குக் காயம் விளைவிப்பதையும் குற்றமாக்குகின்றன. கொடுங்காயமானால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த ஓட்டுநர் மூன்றாண்டு சிறையில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பமன்று. முறையாக வழக்குப் பதிந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவரை அழைத்து விசாரித்து, தேவையெனில் உரிமத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தால், அதே தடத்தில் ஓட்டும் மற்றவர்களும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். கதவே இல்லாத வாசலோடு நகரப் பேருந்துகளை ஓடவிடுவதையும் அலுவலர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் 2024 ஆகஸ்டு முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் ஏறுகிறவருக்காகப் பக்கவாட்டில் சரிந்தே கொடுக்கின்றனவாம். திருச்சியில் அவ்வளவு வேண்டாம், நாங்கள் ஏறும்வரை நின்றால் போதும்.

இப்போதைக்கு அவசரமான ஒன்று உண்டு. நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடையின் கண்காணிப்புக் கேமராவில் அந்த மாலை நடந்தது முழுவதும் பதிவாகியிருக்கிறது. காவலர் வந்து கேட்டால் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். இதுவரை எவரும் வந்து கேட்கவில்லை. அவரிடம் 30 நாள் பதிவே தங்குமாம், அதன்பின் தானாக அழிந்துவிடுமாம். இன்றோடு 23 நாள் ஆகிறது. தங்கள் நாளிதழைக் காவல் துறை உயரதிகாரிகள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில், மீதமுள்ள ஏழு நாளுக்குள் இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கே.கே. நகர், திருச்சிராப்பள்ளி.