உள்ளே இருப்பதும் உள்ளே பிறந்ததும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹார்மோன்கள் பற்றி வந்த கட்டுரையில் 'எண்டோஜீனஸ்' என்பதை 'உடலுக்குள் இருக்கும்' என்று போட்டிருந்தீர்கள். கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் இந்த ஒரு சொல் தப்பு. உள்ளே இருப்பது வேறு, உள்ளேயே பிறந்தது வேறு. எண்டோஜீனஸ் என்பது இரண்டாவதைத்தான் சொல்கிறது.

நான் 11 வருடமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன், அதனால்தான் இதை விட மனசு வரவில்லை. என் ரத்தத்தில் ஓடுகிற இன்சுலின் எல்லாமே எனக்கு உள்ளேதான் இருக்கிறது. அதில் என் கணையம் சுரந்தது எவ்வளவு, ஊசி வழியாகப் போனது எவ்வளவு என்பதல்லவா டாக்டருக்குத் தெரிய வேண்டும்? அதற்காக சி-பெப்டைடு என்று ஒரு டெஸ்ட் எடுக்கிறார்கள். கணையம் முதலில் புரோஇன்சுலின் என்ற பெரிய மூலக்கூறைச் செய்து, அப்புறம் அதை வெட்டி இன்சுலினைப் பிரிக்கிறது, அப்படி வெட்டும்போது ஒவ்வொரு இன்சுலினோடும் சி-பெப்டைடு என்கிற ஒரு துண்டும் சேர்ந்தே ரத்தத்துக்கு வரும். ஊசி மருந்தில் அது கிடையாது. ஆக சி-பெப்டைடு அளவைப் பார்த்தாலே கணையம் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு அது மிகக் குறைவாக வந்த அன்று டாக்டர் "உங்க சொந்த இன்சுலின் கொஞ்சம்தான் இருக்கு" என்றார். அந்த 'சொந்த' என்கிற சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எண்டார்ஃபின் என்ற பெயரே எண்டோஜீனஸ், மார்ஃபின் இரண்டையும் ஒட்டி வைத்ததுதான், அதாவது உடம்பு தானே செய்துகொள்ளும் வலி நிவாரணி. 'உள்ளே இருக்கும்' என்று போட்டால், ஊசியில் ஏற்றிய மார்ஃபினும் அதில் சேர்ந்துவிடுமே!

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம், எப்போதோ நம் மூதாதையரின் கருவணுக்களில், அதாவது விந்தணு, கருமுட்டை போன்ற இனப்பெருக்க செல்களில், தொற்றிய வைரஸ்களின் மிச்சம். வெளியிலிருந்து வந்தவைதான், ஆனால் இன்று யாரிடமிருந்தும் தொற்றி வருவதில்லை, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. அதனால் அவற்றையும் எண்டோஜீனஸ் ரெட்ரோவைரஸ் என்றே அழைக்கிறார்கள். நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சைட்டின் என்ற புரதம்கூட அப்படி வந்த ஒரு மரபணுவின் வேலைதான்.

அகம், புறம் என்று பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதா என்ன? 'அகத்தோற்ற' என்று போடலாம், அது கடினமென்றால் 'உடலே உண்டாக்கும்' என்று போடுங்கள், யாருக்கும் புரியும். அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்