பொடி எழுத்து அறிவிப்புகளும் பங்குப் பதிவாளரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்குதாரர்களுக்கு என்ற தலைப்பில், உரிமை கோரப்படாத ஈவுத்தொகை (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) பற்றிய பொடி எழுத்து அறிவிப்புகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்கப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் (ஐஇபிஎஃப்) போய்விடும். அதற்கு முன்பு ஆங்கில நாளிதழிலும் வட்டார மொழி நாளிதழிலும் அறிவிக்க வேண்டும் என்பது விதி. படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை போலும்!

அந்த அறிவிப்பில் கம்பெனியின் பெயரோடு இன்னொரு முகவரியும் இருக்கும். பங்குப் பதிவாளர் என்னும் நிறுவனத்தின் முகவரி அது. கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைப் பராமரிப்பது அவர்கள் வேலை; 1993 முதல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தனி விதிமுறைகள் அவர்களுக்கு உண்டு. வங்கியில் பணியாற்றியவன் என்பதால் அக்கம்பக்கத்தார் தாத்தா காலத்துப் பங்குப் பத்திரங்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அநேகமாக எல்லோரும் முதலில் போவது தரகரிடம். தரகருக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணுடன் (பதிவாளரின் பட்டியலில் பங்குதாரரின் கணக்கு எண்) பதிவாளருக்குத்தான் எழுத வேண்டும். பதிவாளரின் பெயர் மாறியிருக்கவும் கூடும்: கார்வி இன்று கேஃபின் டெக்னாலஜீஸ், லிங்க் இன்டைம் இன்று எம்யூஎஃப்ஜி இன்டைம். கம்பெனியின் இணையதளத்தில் இப்போதைய பெயர் கிடைக்கும். காகிதமில்லாமல் மின்னணு வடிவில், அதாவது டீமேட் கணக்கில், இருக்கும் பங்குகளுக்கு மட்டும், முகவரியோ வங்கிக் கணக்கோ மாறினால் அந்தக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை அப்படியே இன்னொருவர் பெயருக்கு விற்க முடியாது. இதைக் கேட்டுப் பத்திரமே செல்லாது என்று பரணில் போட்டவர்கள் உண்டு. செல்லும், உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் ஆபத்து வேறு பக்கம். பான் எண், வங்கி விவரம், கையெழுத்து ஆகியவை பதிவாளரிடம் சரியாக இல்லாவிட்டால், 2024 ஏப்ரல் முதல் அந்த ஃபோலியோவுக்கு ஈவுத்தொகை வராது. வராமலே 7 ஆண்டுகள் ஓடினால் பங்கும் நிதியத்துக்குப் போகும். இந்த விவரங்களைப் பதிவாளரிடம் பதிவதற்கான ஐஎஸ்ஆர்-1 படிவத்தை நிரப்பி அனுப்புவதும், கையெழுத்து மாறியிருந்தால் ஐஎஸ்ஆர்-2 படிவத்தில் வங்கி மேலாளரின் சான்று வாங்குவதும் அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல.

நிதியத்துக்குப் போன பங்கையும் ஐஇபிஎஃப்-5 படிவம் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பங்கு மதிப்பில் சதவீதக் கணக்கில் கூலி பேசும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த அறிவிப்புகளை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள் என்றே சந்தேகிக்கிறேன். பதிவாளர் பதிலே தராமல் இழுத்தடித்தால் செபியின் ஸ்கோர்ஸ் என்னும் இணையவழிப் புகார் தளத்தில் புகார் செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

இந்த அறிவிப்புகளுக்குத் தங்கள் நாளிதழ் விளம்பரக் கட்டணம் வாங்குகிறது. அந்த வருமானத்துக்கு ஈடாக மாதம் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கி, யாருக்கு, என்ன படிவம், எங்கே அனுப்புவது என்று எளிய தமிழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.