சுபேதாரை லெப்டினன்ட் ஆக்காதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள் ஆகியவற்றின் செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மெட்ராஸ் ரெஜிமென்டில் 28 ஆண்டுகள் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். சில மாதங்களுக்கு முன், என்னோடு ஒரே கம்பெனியில் (பட்டாலியனின் ஒரு பிரிவு) இருந்த நண்பர் ஒருவர் காலமானார். அவரும் சுபேதார்தான். மறுநாள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், அவருடைய சீருடைப் படத்தின் கீழே 'ஓய்வுபெற்ற ராணுவ லெப்டினன்ட்' என்று அச்சாகியிருந்தது. படத்தைப் பார்த்ததும் தவறு எப்படி நேர்ந்தது என்று விளங்கிவிட்டது. சுபேதாரின் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். லெப்டினன்டின் தோளிலும் இரண்டுதான். ஆனால் சுபேதாருக்கு அவற்றோடு சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொண்ட ஒரு நாடாப் பட்டையும் குறுக்கே உண்டு. எழுதியவர் நட்சத்திரத்தை எண்ணியிருக்கிறார், பட்டையைக் கவனிக்கவில்லை. அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இவரு வாங்காத பதவிய ஏன் போட்டாங்க?" என்று நண்பரின் மனைவி கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

லெப்டினன்ட் என்பது பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து வெளியே வரும் இளைஞர் முதல் நாளே அணிந்துகொள்ளும் பதவி. சுபேதாரோ சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அந்த இடத்துக்கு வந்தவர். நீங்கள் அவரை உயர்த்தி எழுதியதாக நினைத்திருக்கலாம். எங்கள் கணக்கில் அது அவருடைய பணிக்காலத்தையே அழித்துவிட்டது.

இந்தப் பதவிகளின் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முகலாய ஆட்சியில் சுபேதார் என்றால் ஒரு மாகாணத்தின் ஆளுநர். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பெயரை எடுத்து, வெள்ளை அதிகாரிக்குக் கீழே நிற்கும் இந்தியருக்குக் கொடுத்தது. ஓர் இந்தியர் எத்தனை ஆண்டு போரிட்டாலும் சுபேதார் மேஜருக்கு மேல் போக முடியாது என்பதே முதல் உலகப் போர் வரை நடைமுறையாக இருந்தது. இந்தியர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க டேராடூனில் அகாடமி திறக்கப்பட்டது 1932-இல்தான். விடுதலைக்குப் பிறகு 'வைஸ்ராய் கமிஷன் பெற்றவர்' (கமிஷன் என்றால் பதவி வழங்கும் ஆணை) என்ற வகை 'ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்' என்று பெயர் மாறியதே தவிர, சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே நிற்கும் அந்த அடுக்கு அப்படியே நீடிக்கிறது. அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப் போவார்கள். பட்டாலியன் என்னும் படைப்பிரிவின் நினைவெல்லாம் இந்த அடுக்கில்தான் தங்கியிருக்கும்.

நம் பேச்சில் புழங்கும் 'பட்டாளம்' என்ற சொல்லே பட்டாலியன் என்பதிலிருந்து பிறந்ததுதான். அந்தச் சொல் நம் மண்ணில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில், சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் பட்டாளம் ஆற்காட்டு நவாபின் பெரும் படையைக் கலைத்து ஓடவிட்டது. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடப் பழகிய காலாட்படைக்கு முன்னால் குதிரைகளின் எண்ணிக்கை செல்லாது என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள். 1748-இல் கடலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஆங்கிலேயர் தரப்பில் அதே முறைக்கு அடித்தளம் போட்டார். 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட நெருங்கிவந்த நேரத்தில், மதராஸ் சிப்பாய்கள் முறையான பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டார்கள். தென்னாட்டு மக்கள் இன்றும் 'கும்மந்தான் கான்சாகிபு' என்று நினைவுகூரும் முகமது யூசுப் கான் அந்தச் சிப்பாய்களின் தலைவராக உயர்ந்தவர். கும்மந்தான் என்பது வேறொன்றுமில்லை, கமாண்டன்ட்தான். பிற்பாடு அவரே ஆங்கிலேயரை எதிர்த்து நின்றபோது, 1764-இல் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மெட்ராஸ் ரெஜிமென்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் '1758 முதல் இடைவிடாமல்' என்று சேர்த்துக்கொள்கிறீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அப்படி இல்லை. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்தவர்கள் மதராஸ் படையின் சிப்பாய்களே. புதுத் தலைப்பாகையும், நெற்றிச் சின்னத்துக்கும் தாடிக்கும் விதித்த தடையும் அவர்களைக் கொதிக்கச் செய்தன. ஆனால் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மதராஸ் படை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அதற்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. பின்னாளில் ராபர்ட்ஸ் போன்ற ஆங்கிலேயத் தளபதிகள், போருக்குப் பிறந்த இனங்கள் வடமேற்கிலேயே உள்ளன, தெற்கத்தியர் சண்டைக்கு ஆக மாட்டார்கள் என்று ஒரு கோட்பாடு பேசினார்கள். ராபர்ட்ஸ் சில ஆண்டுகள் மதராஸ் படைக்கே தலைமை வகித்தவர். 1895-இல் வங்காளம், மதராஸ், பம்பாய் என்ற மூன்று மாகாணப் படைகளும் ஒரே இந்தியப் படையாக இணைந்த பிறகு, தெற்கத்திப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1928 வாக்கில் மதராஸின் நிரந்தரக் காலாட்படைப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டுவிட்டன. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை மட்டும் தப்பிப் பிழைத்தது. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் கோட்பாட்டால் முடியாது அல்லவா? இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகே, 1941-இல் ரெஜிமென்ட் மறுபடி உருவானது. இந்த இடைவெளியை மறைத்து எழுதினால், தெற்கத்தியரைச் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த கதையும் சேர்ந்து மறைந்துவிடும். 'மெட்ராஸ்' என்ற பெயரைத் தமிழ்நாட்டின் படை என்று பொருள்கொள்வதும் தவறு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள எங்கள் மையத்தில் மலையாளி, தெலுங்கர், கன்னடிகர் எல்லாரும் ஒன்றாகத்தான் 'அடி கொல்லு' என்று முழங்குகிறோம்.

காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களுக்குப் பொதுவான குடும்பப் பெயர். அந்தப் பட்டாலியன்கள் ஒன்று லடாக்கிலும் மற்றொன்று அசாமிலும் இருக்கலாம். களத்தில் இறங்குவது சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியன். ஆகவே 'மெட்ராஸ் ரெஜிமென்ட் எல்லைக்கு விரைந்தது' என்று தலைப்பிட்டால், எது என்று பட்டாளத்துக்காரனுக்கு விளங்காது. பீரங்கிப் படையிலோ ரெஜிமென்ட் என்பதே களத்தில் இறங்கும் அலகு. குழப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். கடற்படையின் கேப்டன் தரைப்படையின் கர்னலுக்கு நிகரானவர், தரைப்படையின் கேப்டனோ லெப்டினன்டுக்கு ஒரு படி மேலே இருப்பவர். லெப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரலை விடப் பெரியவர். மேஜர் ஜெனரல் என்பது முற்காலத்தில் 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்' என்று இருந்து, முன்பாதி உதிர்ந்துபோன பெயர்.

என்னை மிகவும் உறுத்துவது 'தளபதி' என்ற சொல். தரை, கடல், வான் படைகளின் தலைவர்கள் மூவரும் 'முப்படைத் தளபதிகள்'. 2020 ஜனவரி 1-இல் ஜெனரல் பிபின் ராவத் ஏற்ற 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' (சி.டி.எஸ்.) என்ற புதிய பதவியும் 'முப்படைத் தலைமைத் தளபதி'. இரண்டாவது பெயரைக் கேட்பவர், மூன்று தலைவர்களுக்கும் ஆணையிடுபவர் அவர் என்றுதான் எண்ணுவார். அந்தப் பதவியை உருவாக்கியபோது அரசு சொன்னது இதற்கு நேர் எதிரானது. படைத் தலைவர்கள் மீது அவருக்கு ராணுவ ஆணையதிகாரம் கிடையாது, மூன்று படைகளையும் ஒருங்கிணைத்து அரசுக்கு ஆலோசனை சொல்வதே அவர் வேலை என்றது. ஆங்கிலேயர் காலத்தில் எல்லாப் படைகளுக்கும் மேலே ஒரே தலைமைத் தளபதி இருந்தார், வைஸ்ராய்க்கு அடுத்த செல்வாக்கு அவருக்கு. அவர் வாழ்ந்த டெல்லி மாளிகையே பின்னர் நேருவின் இல்லமான தீன் மூர்த்தி பவன். 1947-இல் ஒவ்வொரு படைக்கும் தனித்தனித் தலைவர் என்று பிரித்தார்கள். 1955-இல் 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பட்டத்தையே எடுத்துவிட்டு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்று மாற்றினார்கள். படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்று அரசமைப்பின் 53-ஆவது பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே கைவிட்ட பட்டத்தை மொழிபெயர்ப்பில் திரும்பச் சூட்டுகிறோம். பொருத்தமான தமிழ்ச் சொல் அமையும்வரை 'சி.டி.எஸ்.' என்றே எழுதி, முதல்முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

'துணை ராணுவம்' என்ற சொல்லையும் குறிப்பிட்டாக வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆயுதக் காவல் படைகள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த 40 பேரும் ரிசர்வ் போலீஸ் படையினர். அவர்களை 'ராணுவ வீரர்கள்' என்று எழுதியது மரியாதைக்காக என்று எடுத்துக்கொண்டாலும், அதனால் ஒரு செய்தி மறைந்தது. 2004 முதல் அந்தப் படைகளில் சேர்ந்தவர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். ராணுவத்தினருக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், தங்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது உங்கள் வாசகருக்குப் புரியவே புரியாது. மறுபுறம் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் முழுக்க முழுக்க ராணுவம். பல ரெஜிமென்டுகளிலிருந்து ஆட்களை அனுப்பி நிரப்பும் படை அது. 2014-இல் காஷ்மீரில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் தாய்ப் படை ராஜ்புத் ரெஜிமென்ட். போரிட்டது 44-ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் விவரம் முழுமை பெறும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு செய்தி அறையிலும் பதவிப் பெயர்களும் தோள் சின்னங்களும் அடங்கிய ஒற்றைத் தாள் சுவரில் இருக்கட்டும். ஐயம் வந்தால் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கு எங்களைப் போன்ற யாராவது ஒருவர் எந்த நாளும் உட்கார்ந்திருப்பார், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பதவிகளைத் தமிழாக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஹவில்தாரும் நாயக்கும் நம் ஊர்களில் பல தலைமுறைகளாகப் புழங்கும் சொற்கள்தாம்.

இந்த மடலை வெளியிடுவதாக இருந்தால், கீழே உள்ள 'சுபேதார்' என்பதை 'முன்னாள் ராணுவ அதிகாரி' என்று மாற்றாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுபேதார் (ஓய்வு),
மெட்ராஸ் ரெஜிமென்ட்