தந்தையின் சம்பளச் சீட்டு இல்லாததால் முடங்கிக் கிடக்கும் கல்வி உதவிநிதி விண்ணப்பம்: நான்காவது கோரிக்கை மனு

19 ஜனவரி 2026

அனுப்புநர்:
முதலாமாண்டுப் பட்டப்படிப்பு மாணவி,
பாகான் டாலாம், பட்டர்வொர்த், பினாங்கு.

பெறுநர்:
உயர்கல்வி உதவிநிதிப் பிரிவின் பொறுப்பதிகாரி அவர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கெடாவிலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடந்த அக்டோபர் முதல் கணக்கியல் பயின்று வருகிறேன். பல்கலைக்கழக இடம் உறுதியானவுடன், 2025 செப்டம்பர் 17ஆம் நாள், தங்கள் பிரிவு வழங்கும் உயர்கல்வி உதவிநிதிக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை என் விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்க்கும் போதெல்லாம் 'ஆவணங்கள் முழுமையாக இல்லை' என்ற ஒரே வரிதான் தெரிகிறது. அக்டோபர் 27, நவம்பர் 17, டிசம்பர் 15 ஆகிய நாள்களில் மலாய் மொழியில் மூன்று கடிதங்கள் கொடுத்தேன். மூன்றையும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை பதிந்த நகல்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

தாங்கள் தமிழ் அறிந்தவர் என்று முகப்பில் இருந்த ஊழியர் ஒருவர் சொன்னதால், இம்முறை தமிழில் எழுதுகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய கடிதங்களில் என் அம்மா நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் அவர் பட்டது என்பதால், அவரே வரிவரியாகப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என விரும்பினேன். அலுவலகப் பதிவுக்காக மலாய் மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன்.

1. என் தந்தை கண்டெய்னர் லாரி ஓட்டுநர். நான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர் எழுதிய 2017ஆம் ஆண்டில் அவர் வீட்டை விட்டுச் சென்றார். அதன் பிறகு எங்களோடு வாழவும் இல்லை, எங்களுக்குப் பணம் அனுப்பவும் இல்லை. என் தம்பி கடந்த வாரம் இடைநிலைப்பள்ளியின் படிவம் நான்கில் காலடி வைத்தான். அவனுக்குத் தந்தையின் முகம் புகைப்படத்தில் பார்த்த நினைவாகத்தான் இருக்கிறது.

2. அம்மா பிறை தொழிற்பேட்டையில் குத்தகை நிறுவனம் ஒன்றின்கீழ் துப்புரவுப் பணி செய்கிறார். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த பின், அதுவே அவருடைய சம்பளம். ஊழியர் சேமநிதிக்கு 187 ரிங்கிட்டும், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா முதலியவையும் பிடித்தம் போக, கைக்கு வருவது 1,500 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். வீட்டு வாடகை 350. பாகான் டாலாமில் வாடகைக்கு இருப்போர் எப்படிக் காலந்தள்ளுகிறார்கள் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

3. அம்மாவின் சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கறிக்கை, வாடகை ரசீதுகள், தம்பியின் பள்ளிக் கடிதம், என் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் ஆகிய அனைத்தும் முதல் நாளே பதிவேற்றப்பட்டுவிட்டன. விடுபட்டவை தந்தையுடையவை மட்டும்தான்: அவருடைய அடையாள அட்டை நகலும் அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்ல இயலாது.

4. அந்தக் காகிதங்களுக்காக அம்மா பட்டதைச் சொல்லத்தான் இந்த மனுவையே எழுதுகிறேன்.

தங்கள் அலுவலக முகப்பு வார நாள்களில்தான் திறந்திருக்கிறது. அம்மாவின் மாதச் சம்பளத்தை 26 வேலை நாள்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட். அவர் இதுவரை ஐந்து முறை வேலையை விட்டுவிட்டு ஃபெரி ஏறித் தீவுக்கு வந்திருக்கிறார். ஐந்து நாள் சம்பளம் 325 ரிங்கிட். கிட்டத்தட்ட எங்கள் ஒரு மாத வாடகை. மூன்றாம் முறை வந்தபோது, 'எப்படியாவது கணவரைக் கண்டுபிடித்து ஒரு சம்பளச் சீட்டு வாங்கி வந்துவிடுங்கள், அம்மா. அதோடு முடிந்துவிடும்' என்று அவரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் உதவும் எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அம்மா அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

எட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவின் வீட்டுக்குப் போய், கெஞ்சி, தந்தை ஜோகூரில் பாசிர் கூடாங்கில் இருக்கிறார் என்ற முகவரியை வாங்கியிருக்கிறார். நவம்பர் இறுதியில் ஒரு புதன்கிழமை இரவு பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் நிலையத்தில் பேருந்து ஏறி, விடிகாலையில் ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்துப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அன்று நான் விடுதியிலிருந்து அழைத்தபோது, வேலையில் இருப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். தம்பியிடம் இரவுப் பணி என்று சொல்லி, அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுச் சென்றிருந்தார்.

அந்த வீட்டுக் கதவைத் திறந்தவர் இடுப்பில் குழந்தையோடு நின்ற வேறொரு பெண். அம்மா தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளாமல், 'பிள்ளையின் படிப்பு விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டும்' என்று மட்டும் சொல்லி, நண்பகல் வரை இரும்புக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். கையில் என் விண்ணப்ப ஆவணங்கள் இருந்த கோப்பு. தந்தை வந்தார். நடைக் கணக்கில் ரொக்கமாகத்தான் கூலி வாங்குவதாகவும், சம்பளச் சீட்டு என்று ஒன்றே கிடையாது என்றும், தன் பெயரை எந்தத் தாளிலும் போடக் கூடாது என்றும் சொன்னார். அடையாள அட்டையை நகலெடுக்கவும் விடவில்லை. முகவரியை யார் கொடுத்தது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அம்மா அன்றிரவே பேருந்து ஏறித் திரும்பி, மறுநாளும் வேலைக்குப் போக முடியாமல் இரண்டு நாள் சம்பளத்தையும் இழந்தார். இத்தனையையும் பத்து நாள் கழித்து, நான் விடுமுறைக்கு வந்து கோப்பு கசங்கியிருப்பதைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஐயா, எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னை விட்டுப் போனவரின் வாசலில் போய் என் அம்மா நின்றது, தங்கள் படிவத்திலுள்ள ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக. அந்த விண்ணப்பத்தை நான் தொடங்காமலே இருந்திருக்கலாமே என்று அன்று நினைத்தேன். இப்போதும் சில இரவுகளில் அப்படித்தான் நினைக்கிறேன்.

5. டிசம்பரில் அம்மா இதை முகப்பில் சொன்னபோது கிடைத்த பதில், 'அப்படியானால் விவாகரத்து ஆணையைக் கொண்டு வாருங்கள்' என்பது. முஸ்லிம் அல்லாதாரின் விவாகரத்து, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தில் பெற வேண்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கைவிட்டுச் சென்றிருந்தால் அதைக் காரணமாகக் காட்டலாம் என்பதை நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மனுவைத் தாக்கல் செய்து, அதை ஜோகூரில் இருப்பவருக்குச் சேர்ப்பித்து, விசாரணை முடிந்து ஆணை வருவதற்குள் என் முதலாமாண்டு முடிந்துவிடும். வழக்குச் செலவுக்குப் பணம் இருந்தால் நாங்கள் உதவிநிதி கேட்டு வந்திருக்க மாட்டோம். அடுத்ததாக, கணவர் இறந்துவிட்டாரா, அப்படியானால் மரணச் சான்றிதழ் போதும் என்றும் கேட்கப்பட்டது. உயிரோடு இருப்பவருக்கு மரணச் சான்றிதழை எங்கே போய் வாங்குவது என்று அம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கிறதா, ஐயா? தந்தை எங்களோடு இருந்தால் சீட்டு கிடைக்கும்; இறந்திருந்தால் சான்றிதழ் கிடைக்கும்; முறையாகப் பிரிந்திருந்தால் ஆணை கிடைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போனவரின் பிள்ளைகளுக்கு மட்டும் தங்கள் படிவத்தில் இடமே இல்லை. பாகான் டாலாமில் எங்கள் அடுக்குமாடியில் மட்டும் இப்படி மூன்று வீடுகளை நான் அறிவேன். அந்த வீட்டுப் பிள்ளைகளும் நாளை இதே கட்டத்தில்தான் வந்து நிற்பார்கள்.

6. பி.டி.பி.டி.என் எனும் தேசிய உயர்கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கப்பட்டது. இருக்கிறது; எடுத்திருக்கிறேன். அது ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தோடு நான் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். படிப்புக் கட்டணம் போக அதில் மிஞ்சுவது விடுதிக்கும் உணவுக்கும் போதவில்லை.

7. அம்மா சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையொப்பமிட்ட சத்தியப் பிரமாணப் பத்திரம், கணவர் கைவிட்டுச் சென்றது பற்றிய காவல் துறைப் புகாரின் நகல், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தின் உறுதிக் கடிதம் ஆகிய மூன்றையும் டிசம்பர் 15ஆம் நாள் கடிதத்தோடு இணைத்தேன். பொய்ப் பிரமாணம் செய்தால் தண்டனை உண்டு என்று ஆணையர் எடுத்துச் சொன்ன பிறகே அம்மா கையொப்பமிட்டார். தண்டனைக்கு உட்பட்டுச் சொல்லும் சொல்லைச் சட்டம் ஏற்கிறது. அதைத் தங்கள் கணினி மட்டும் ஏன் ஏற்கக் கூடாது? முகப்பில் இருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டாயக் கட்டத்தை அவர்களால் திறந்துவிட முடியாது என்பது புரிகிறது. திறக்கும் அதிகாரம் தங்களிடம் இருப்பதாக அவர்களே சொன்னதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே, தந்தையின் சம்பளச் சீட்டுக்குப் பதிலாக அம்மாவின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அவரைத் தனித்து வாழும் தாயாகக் கருதி, அவருடைய வருமானத்தை மட்டுமே குடும்ப வருமானமாகக் கணக்கிட்டு, என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐயம் இருந்தால் அதிகாரி ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். வாசலில் எத்தனை செருப்புகள் இருக்கின்றன, அவை யாருடையவை என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும். விண்ணப்பத்தை நிராகரிப்பதுதான் முடிவென்றால், அதையாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். நான்கு மாதமாக 'முழுமையாக இல்லை' என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல். ஆனால் நிராகரிக்க வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன், ஐயா. இரண்டாம் பருவத்துக்கான விடுதிக் கட்டணத்தை நான் இன்னும் கட்டவில்லை.

பிப்ரவரி 5ஆம் நாள், வியாழக்கிழமை, தங்கள் அலுவலகத்துக்கு வருவதற்காக அம்மா மேற்பார்வையாளரிடம் விடுப்புச் சொல்லி வைத்திருக்கிறார். ஜோகூர் போய் வந்த இரண்டு நாள்களைச் சேர்க்காமலே, அது சம்பளமில்லாத ஆறாவது நாள். அதற்கு முன் தங்களிடமிருந்து ஒரு வரி வந்தால், அன்று அவர் வேலைக்கே போய்விடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி
(கையொப்பம்)

மேற்கண்டவற்றை நானே படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை.
மாணவியின் தாயார்
(கையொப்பம்)