வரி இல்லை என்று நீ சொன்ன கணக்கு

ராஜபாளையம்
26.10.2025

அன்புள்ள கார்த்திக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். முறுக்கு டப்பாவுக்குள் கடிதமா என்று சிரிக்காதே. போனில் கணக்குச் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். தாளில் இருந்தால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

தீபாவளிக்கு வந்தபோது எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்று, சூடு ஆறாத முறுக்கை உடைத்துத் தின்றுகொண்டே சொன்னாய்: "இந்த வருஷம் எனக்கு வரியே கிடையாதும்மா. பன்னிரண்டு லட்சம் வரைக்கும் எடுத்துட்டாங்க." அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதே மூச்சில், சனி ஞாயிறுகளில் இரண்டு பேருக்கு வெப்சைட் செய்து கொடுத்ததில் 1,20,000 வந்ததாகவும், பிப்ரவரிக்குள் முடிக்க இன்னொரு 60,000 ரூபாய் வேலை பேசி வைத்திருப்பதாகவும் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் ஒரு ஈடு முறுக்கு கருகிப் போயிற்று. உன் டப்பாவில் அடியில் இருப்பது அதுதான். தூக்கிப் போடாதே, ருசி ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நீ ஊருக்குப் போன அன்று ராத்திரி, தினசரித் தாள் காலண்டரில் கிழித்து வைத்திருந்த தாள்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மறுநாள் ஆடிட்டர் ஆபீசில் என் ரிட்டர்ன் போட்டுத் தருகிற பையனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சரியாத்தான் இருக்கு அக்கா"என்று சொல்லிவிட்டு, அவனே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான்.

உன் சம்பளம் வருஷத்துக்கு 12,40,000. சம்பளக்காரர்களுக்கு எல்லாருக்கும் கழிக்கிற 75,000 போனால் 11,65,000. இது வரை நீ சொன்னது சரி, வரி பூஜ்யம். வெப்சைட் வேலையில் மொத்தம் 1,80,000 வருகிறது என்று வைத்துக்கொள். உன் மாதிரி கம்ப்யூட்டர் தொழில் செய்கிறவர்கள் கணக்குப் புத்தகம் எதுவும் எழுதாமல், வந்ததில் பாதியை லாபம் என்று காட்டலாம். அப்படிப் பார்த்தால் 90,000. சம்பளத்தோடு கூட்டினால் 12,55,000.

55,000 தானே கூட, அதற்கு மட்டும் வரி கட்டினால் போச்சு என்று நினைப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சட்டம் வேறு மாதிரி. 4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம், 8 லட்சத்துக்கு மேல் 10, 12 லட்சத்துக்கு மேல் 15 என்று வரிப் படிகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. 12 லட்சத்துக்கு வருகிற வரி 60,000. அதை "சரி, உனக்குத் தள்ளுபடி" என்று விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 12 லட்சம் என்ற கோட்டைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். உன் கணக்கில் 68,250 வரும். இது அநியாயம் என்று அவர்களுக்கே தெரிந்ததால், 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூட வந்ததோ அதைவிட அதிகமாக வரி வாங்கமாட்டோம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். அதன்படி வரி 55,000. அதற்கு மேல், செஸ் என்று வரி மேல் போடுகிற கூடுதல் வரி 4 சதவீதம், 2,200. ஆக 57,200.

அதாவது ராசா, எத்தனையோ சனி ஞாயிறு தூங்காமல் உட்கார்ந்து சம்பாதித்த 1,80,000-ல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே வீச்சில் போகிறது. சம்பளம் மட்டும் வாங்கியிருந்தால் ஒரு பைசா இல்லை. கோட்டுக்கு ஒட்டி நிற்கிறவனுக்குத்தான் இந்த அடி. ஐம்பது லட்சம் வாங்குகிறவனுக்கு இந்தக் கவலை கிடையாது, அவனுக்கு எப்படியும் வரி உண்டு. நம் தெருவில் இருக்கிறவர்களுக்கும் கிடையாது.

காட்டாமல் விட்டால் என்ன என்று உன் நண்பன் யாராவது சொல்வான். உனக்குப் பணம் கொடுத்ததில் ஒருவர் கம்பெனி வைத்திருப்பவர், டி.டி.எஸ். என்று வரியை முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார் என்று நீயே சொன்னாய். அது உன் பான் நம்பரில் ஏறிவிட்டது. வருமான வரி இணையதளத்தில் உள்ளே போய் ஏ.ஐ.எஸ். என்று இருக்கிற வரவுப் பட்டியலைத் திறந்து பார். எனக்குத் தபாலாபீஸ் சேமிப்பு ஏஜென்ட் வேலையில் வருகிற கமிஷன் வரைக்கும் அதில் இருக்கிறது. நீ கம்பெனி ஷேர் வாங்கி விற்பதும் இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு வருஷத்துக்குள் வாங்கி விற்ற லாபத்துக்கு 20 சதவீதம், அதற்கு இந்த 12 லட்சம் தள்ளுபடி செல்லாது. கைச்செலவுக்கு என்று விற்காதே.

சரி, என்ன செய்யலாம். இரண்டு வழி எனக்குத் தெரிந்தது.

முதலாவது, அந்த மூன்றாவது வேலையை ஏப்ரலில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிப் பார். வேலையையே தள்ளு. வேலையை முடித்துவிட்டு பில்லை மட்டும் தள்ளிப் போடுகிற வித்தை வேண்டாம், அது பிறகு தலைவலி. தள்ளினால் உன் வெப்சைட் லாபம் 60,000-ஆகக் குறையும். மொத்தம் 12,25,000.

இரண்டாவது, உன் ஆபீசில் எச்.ஆரிடம் போய், சம்பளத்தில் ஒரு பங்கைக் கம்பெனியே என்.பி.எஸ். என்கிற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் போடுகிற மாதிரி மாற்றித் தருவார்களா என்று கேள். புது வரி முறையில் பழைய சேமிப்புக் கழிவுகள் எல்லாம் போனாலும் இது மட்டும் நிற்கிறது. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. உன் பேசிக் மாசம் 50,000 என்றால் 7,000. நவம்பரில் ஆரம்பித்தால் மார்ச் வரை ஐந்து மாசம், 35,000. இப்போது மொத்தம் 11,90,000. வரி மறுபடியும் பூஜ்யம். ஒன்று கவனி, இடைவெளி பத்தாயிரம்தான் இருக்கிறது. உன் வங்கிக் கணக்கில் விழுகிற வட்டியும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

அந்த வேலையைத் தள்ள முடியாது, கை நழுவிவிடும் என்றால் என்.பி.எஸ். மட்டுமாவது செய். 12,20,000-க்கு வரி 20,000, செஸ்ஸோடு 20,800. போட்டது 35,000, மிச்சமானது 36,400. உண்டியலில் போடுகிற காசை விட அதிகமாகக் கையில் திரும்பி வருகிற சேமிப்பை நான் இத்தனை வருஷ ஏஜென்ட் வேலையில் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வயசான பிறகுதான் கைக்கு வரும், வண்டி வாங்க எடுக்கலாம் என்று நினைக்காதே. கொஞ்சமாவது வரி வரும் என்று தெரிந்தால் மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்டிவிடு. ரிட்டர்ன் போடும்போது சம்பளக்காரர்கள் போடும் சஹஜ் பாரம் உனக்கு ஆகாது, ஒரு வருஷத்துக்குள் ஷேர் விற்ற லாபம் இல்லாவிட்டால் சுகம் பாரம் பார்க்கச் சொன்னான் அந்தப் பையன். சுகமாம், பெயர் வைத்திருக்கிறார்கள் பார்.

வெளி வேலை செய்ய உன் கம்பெனி அனுமதிக்கிறதா என்று ஆர்டர் பேப்பரைப் படித்தாயா? அதையும் பார்.

இங்கே நிலவரம் கேட்டாயானால், பிப்ரவரி 1-ம் தேதி நிர்மலா சீதாராமன் அறிவித்த அன்று சாயங்காலம் நான் வசூலுக்குப் போனபோது மளிகைக்கடை அண்ணாச்சி "என்ன ஏஜென்ட் அம்மா, பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே, உங்க கணக்குல எத்தனை பேருக்கு லாபம்?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மாசம் 500, 1,000 என்று ஆர்.டி. போடுகிறவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம். வாத்தியார் வீடு, ஒரு வங்கிக்காரர் வீடு, இன்னொன்று. மூன்று பேர் தேறினார்கள்.

அந்த மூன்று வீட்டிலிருந்தும் மார்ச் வந்தால் போன் வரும், "என்.எஸ்.சி. பத்திரம் ஒன்று போடணும், வரிக்குக் காட்டணும்" என்று. 10,000-க்கு எனக்கு 50 ரூபாய் கமிஷன். போன மார்ச்சில் ஒரே ஒரு போன். சேமிப்புக்குக் கிடைக்கிற 80-சி வரிக் கழிவு பழைய முறையில்தான் இருக்கிறது, எல்லாரும் புது முறைக்குப் போய்விட்டார்கள். என் கமிஷன் போனதுகூடப் பெரிதில்லை. வாத்தியார் மனைவி சொன்னார்: "வரிக்குப் பயந்தாவது வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் ஒதுக்கினோம், இப்ப அது எங்க போகுதுன்னே தெரியல." உனக்கும்தான். போன வருஷம் இதே சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 77,740 கட்டியிருப்பாய். மாசத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் இப்போது கையில் நிற்கிறது. தீபாவளிக்கு நீ கொண்டுவந்த புதுப் போனின் தவணை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

எனக்கு லாபம் என்று பார்த்தால் இன்னொன்று உண்டு. மாசம் ஒன்றரை லட்சம் வசூல் செய்தால் 4 சதவீதம், 6,000 கமிஷன். முன்பு அதில் 5 சதவீதம் வரியாகப் பிடித்தார்கள், வருஷத்துக்கு 3,600. போன வருஷம் அக்டோபரிலிருந்து 2 சதவீதமாகக் குறைந்ததில் இந்த வருஷம் 1,440 தான் பிடிப்பார்கள். திரும்ப வரும் பணம்தான், ஆனால் ரிட்டர்ன் போட்டு வரும்வரை அது என்னுடையது இல்லை.

அப்பாவுக்கு இன்னும் நிம்மதி. டெபாசிட் வட்டி வருஷத்துக்கு 84,000. இரண்டு வருஷம் முன்பு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற 15-எச் பாரத்தைக் கொடுக்க மறந்து, வங்கியில் 8,400 பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அதை வாங்க அவர் நடந்த நடையில் ஒரு செருப்பு தேய்ந்தது. இப்போது பெரியவர்களுக்கு 1 லட்சம் வரை பிடிக்கக்கூடாது என்று ஏப்ரலிலிருந்து மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். உங்கப்பாவைத் தெரியாதா உனக்கு.

ஆனால் இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த மிச்சம் பட்ஜெட்டில் வந்ததில்லை, செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைத்தார்களே, அதில்தான். எங்கள் இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க இந்த மாசம்தான் தவணை. போன தடவை 38,000-க்கு வரி 6,840 சேர்த்து 44,840 கட்டினோம். இந்தத் தடவை வரி என்ற இடத்தில் பூஜ்யம். ரசீதை அப்பா இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிர்வீட்டுத் தையல் அக்கா புது மெஷின் வாங்கக் காத்திருந்தாள், 12 சதவீத வரி 5 ஆனதும் வாங்கிவிட்டாள். சோப்பு, பேஸ்ட், ஹேர் ஆயில் எல்லாம் 18-லிருந்து 5. அண்ணாச்சி கடையில் பழைய சரக்கு விற்றுத் தீரும்வரை பழைய விலைதான் சொன்னார், நானும் விடவில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் மட்டும் இன்னும் ஐந்து ரூபாயாகவே இருக்கிறது.

எச்.ஆரிடம் நாளைக்கே பேசு. அவர்கள் மாசம் பிறந்த பிறகு கேட்டால் அடுத்த மாசத்துக்குத்தான் எடுப்பார்கள், 7,000 போச்சு. பேசிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. நான் காலண்டர் தாளை இன்னும் கிழித்துப் போடவில்லை, ரப்பர் பேண்ட் போட்டு வசூல் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

நெய் டப்பா மூடி சரியாக இறுகவில்லை. பெட்டியைத் திறந்ததும் முதலில் அதை நிமிர்த்தி வை.

அன்புடன்,
அம்மா